விளையாட்டுக்காகக் கணினியின் இயங்குதளத்தை மாற்றலாமா?



2025ஆம் ஆண்டு தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன்னர், ஒரு மாலைப் பொழுதில், என் தமக்கையின் மகன் என் அறை வாயிலில் வந்து நின்றான். தில்லியில் எங்கள் இல்லத்தில் தங்கிக் கல்லூரியில் படித்து வருபவன் அவன். "மாமா, நம் கணினியை விண்டோஸ் 11க்கு மாற்றிவிடலாமா?" என்று கேட்டான். காரணம் என்னவென்று வினவினேன். "என் நண்பர்கள் எல்லோரும் மாற்றிவிட்டார்கள். இனிமேல் புதிய விளையாட்டுகள் பழையதில் ஓடாதாம். நான் ஒருவன்தான் பாக்கி" என்றான். அவன் குரலில் இருந்தது வெறும் ஆசை மட்டுமன்று. தோழர் குழுவினின்று தான் மட்டும் விலகிப் போய்விடுவோமோ என்னும் அச்சமும் அதில் கலந்திருந்தது.

எங்கள் வீட்டில் உள்ளது ஒரே கணினி. 2017ஆம் ஆண்டில் வாங்கியது. அவனுடைய பாடங்களும் விளையாட்டுகளும் அதில்தான் இருக்கின்றன. பதினைந்து ஆண்டுகளாக நான் சேர்த்து வரும் ஆட்சிச் சொற்கோவையும் அதில்தான் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு கணினியில் இதே போன்ற மாற்றத்தைச் செய்து தருவதாகக் கூறிய ஒரு கடைக்காரர், வட்டு முழுவதையும் துடைத்துவிட்டுப் புதியதைப் பதித்துக் கொடுத்தார். மூன்றாண்டு உழைப்பு ஒரு பிற்பகலில் மறைந்தது. ஆதலால் மருமகனின் வினாவுக்கு உடனே "ஆகட்டும்" என்றும் என்னால் சொல்ல இயலவில்லை. காரணமின்றி "கூடாது" என்று மறுக்கவும் மனம் வரவில்லை. "ஒரு வாரம் பொறு, விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன்.

நான் கலைப் பட்டதாரி. மைய அரசில் மொழிபெயர்ப்புப் பணி புரிபவன். இயந்திர நூல் கற்றவனல்லன். ஆயினும் விதிகளை முதலிலிருந்து கடைசி வரை படிப்பது என் தொழில். அவ்வாறு படித்தும் கேட்டும் அறிந்தவற்றை, இதே வினாவை இல்லத்தில் எதிர்கொள்ளும் பெற்றோர்க்கும் இளைஞர்க்கும் பயன்படும் என்று கருதி இங்கே கூறுகிறேன்.

முதற்கண், இயங்குதளம் என்பது யாது? கணினியின் உறுப்புகளுக்கும், அதில் நாம் ஓட்டும் நிரல்களுக்கும் நடுவே நின்று பேசும் துபாஷி அது எனலாம். விளையாட்டு நிரல், "இவ்விடத்தில் ஒரு மலையை வரைக" என்று ஆணையிடுகிறது. இயங்குதளம் அவ்வாணையை வாங்கி, படம் வரையும் உறுப்பாகிய கிராபிக்ஸ் அட்டைக்கு அதன் மொழியில் சொல்கிறது. அதற்குத் துணையாக அட்டையைச் செய்த நிறுவனம் தரும் ஒரு சிறு நிரல் உண்டு. அதனை டிரைவர் என்பர். விளையாட்டும் இயங்குதளமும் தமக்குள் பேசிக்கொள்ளும் பொது மொழிக்கு, விண்டோஸ் உலகில், டைரக்ட் எக்ஸ் என்று பெயர்.

கடிதம் எழுதும் நிரலுக்கு இத்துபாஷி சற்றே தாமதித்தாலும் தீங்கில்லை. விளையாட்டோ ஒரு விநாடிக்கு அறுபது முறை, சில வேளைகளில் அதற்கும் மிகுதியாக, படத்தைப் புதிதாக வரையச் சொல்லும். ஒரு சொல் தடுமாறினால் ஆட்டமே தடுமாறும். எனவேதான், மற்றவர் ஒரு புதிய பதிப்பை எளிதாக ஏற்றுக்கொள்ளும்போது, விளையாடுவோர் மட்டும் இருமுறை சிந்திக்கின்றனர்.

இப்போது வரலாற்றைச் சிறிது பார்ப்போம். 2007ஆம் ஆண்டு ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா பொதுமக்கள் கைக்கு வந்தபோது, டைரக்ட் எக்ஸின் பத்தாம் பதிப்பு அதற்கு மட்டுமே தரப்பட்டது; அதற்கு முந்தைய எக்ஸ்பிக்குக் கிடைக்கவில்லை. புதிய மொழியை விரும்பியவர் புதிய தளத்துக்குப் போயே தீர வேண்டியிருந்தது. 2015ஆம் ஆண்டு ஜூலை 29இல் வெளிவந்த விண்டோஸ் 10, பன்னிரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. ஆனால் 2021ஆம் ஆண்டு அக்டோபர் 5இல் விண்டோஸ் 11 வந்தபோது அத்தகைய புது மொழி எதுவும் வரவில்லை. இரண்டும் அதே பன்னிரண்டாம் பதிப்பையே பேசுகின்றன. ஒன்றில் ஓடும் விளையாட்டுகளுள் மிகப் பெரும்பாலானவை மற்றொன்றிலும் ஓடுவதற்கு முதற் காரணம் இதுவே.

அப்படியாயின் அவசரம் எங்கிருந்து வந்தது? இங்கே நாம் இரண்டு கெடுக்களைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று பாதுகாப்புக் கெடு. மற்றொன்று விளையாட்டுக் கெடு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதாலேயே பெரும்பாலான குழப்பங்கள் விளைகின்றன.

பாதுகாப்புக் கெடு என்பது, இயங்குதளத்தில் காணப்படும் ஓட்டைகளை அடைத்து நிறுவனம் அவ்வப்போது அனுப்பும் திருத்தங்கள் நின்றுபோகும் நாள். விண்டோஸ் 10க்கு அந்நாள் 2025 அக்டோபர் 14. அன்று கணினி நின்றுவிடவில்லை, விளையாட்டுகளும் நின்றுவிடவில்லை. அந்நாளுக்குப் பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும் என்பதே பொருள். இதற்கும் வீட்டுப் பயனர்களுக்கு ஓராண்டுத் தவணை தரப்பட்டது. தனியே பதிவு செய்துகொள்வோர்க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்று அறிவித்தனர். மைக்ரோசாஃப்ட் கணக்கில் புகுந்து, தம் கணினியின் அமைப்புகளை அந்நிறுவனத்தின் சேமிப்பகத்தில் படியெடுத்து வைக்க ஒப்புவோர்க்குக் கட்டணமில்லை. விரும்பாதவர் 30 டாலர் செலுத்திப் பெறலாம் என்பது ஏற்பாடு.

விளையாட்டுக் கெடுவோ பெரும்பாலும் மெதுவாகவே வருகிறது. விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14இல் நின்றன. ஆனால் விளையாட்டுகளை விற்கும் பெருங்கடையாகிய ஸ்டீம், அத்தளத்துக்கு ஆதரவை நிறுத்தியது 2024 ஜனவரி 1ஆம் தேதிதான். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலில் திருத்தங்கள் நின்றன. ஸ்டீம் அதனைக் கைவிட்டது 2019 ஜனவரியில். ஆகவே "நாளையே எல்லா விளையாட்டும் நின்றுவிடும்" என்று நண்பர்கள் கூறுவதில் மிகை உண்டு. அதே சமயம், "விளையாட்டு ஓடுகிறதே, பிறகென்ன?" என்று திருத்தமில்லாத கணினியில் வங்கிக் கணக்கையும் கடவுச்சொற்களையும் பயன்படுத்துவது பேதைமை.

இனி, புதிய தளம் விளையாடுவோர்க்கு என்ன தருகிறது, எதைப் பறிக்கக்கூடும் என்பதைக் காண்போம்.

நன்மைகள் சில உண்டு. ஒளி வேறுபாட்டை மிகுதியாகக் காட்டவல்ல திரை உடையவர்க்கு, பழைய விளையாட்டுகளிலும் அவ்வொளிநயத்தைத் தானாகவே கூட்டித் தரும் வசதி விண்டோஸ் 11இல் உள்ளது, பத்தில் இல்லை. 2021 நவம்பரில் வெளிவந்த இன்டெல் பன்னிரண்டாம் தலைமுறைச் செயலிகளில் வேகமான கருக்களும் சிக்கனமான கருக்களும் கலந்திருக்கின்றன. எந்த வேலையை எந்தக் கருவிடம் ஒப்படைப்பது என்பதைப் புதிய தளம் நன்கு அறிந்து பங்கிடுகிறது. ஆனால் சாதாரணத் திரையும் பழைய செயலியும் வைத்திருப்பவர்க்கு இவை இரண்டும் எட்டாக் கனிகள். வட்டிலிருந்து காட்சிகளை விரைந்து ஏற்றும் டைரக்ட் ஸ்டோரேஜ் என்னும் முறையைப் பற்றியும் பேசுவர். அது பதினொன்றில் சிறப்பாக இயங்கும் என்பது மெய். பத்திலும் இயங்கும் என்பதும் மெய்.

தீமைகளையும் மறைக்கலாகாது. விண்டோஸ் 11 வெளியான அதே மாதத்தில், ஏஎம்டி செயலிகள் உள்ள கணினிகளில் வேகம் குறைந்தது. பாதிக்கப்பட்ட நிரல்களில் 3 முதல் 5 விழுக்காடும், சில போட்டி விளையாட்டுகளில் 10 முதல் 15 விழுக்காடும் குறையக்கூடும் என்று அந்நிறுவனமே அறிவித்தது. அம்மாதம் 21ஆம் தேதி திருத்தம் வந்து குறை நீங்கியது. பொறுத்திருந்தவர்க்கு நட்டமில்லை, முதல் நாளே ஓடியவரே தவித்தனர். 2024 அக்டோபரில் வந்த பெரிய திருத்தத்தின்போதும், யூபிசாஃப்ட் வெளியிட்ட சில விளையாட்டுகள் உறைந்து நின்றன. அவற்றை வைத்திருந்த கணினிகளுக்குத் திருத்தம் போகாதபடி மைக்ரோசாஃப்ட் சில காலம் தடுத்து வைத்தது. பதிப்பின் பெயர் மாறாத போதும் தளம் மாறிக்கொண்டே இருக்கிறது என்பதற்கு இது சான்று.

இன்னொன்று நினைவகக் காவல். தீய நிரல்கள் இயங்குதளத்தின் உட்கருவில் நுழையாதவாறு தடுக்கும் ஏற்பாடு இது. புதிய கணினிகள் பலவற்றில் தொடக்கத்திலேயே செயற்பட்டு நிற்கும். காவலாளி ஒவ்வொரு முறையும் சீட்டைப் பார்த்தே உள்ளே விடுவான் என்றால் வாயிலில் சற்று நேரமாகும் அல்லவா? அதுபோல விளையாட்டின் வேகம் சிறிது குறையக்கூடும். விளையாடும்போது இதனை அணைத்து வைக்கலாம், ஆனால் அப்போது கணினி அபாயத்துக்கு உள்ளாகும் என்று 2022இல் மைக்ரோசாஃப்டே எழுதிற்று. வேகத்துக்காகக் காவலை நீக்குவதா என்பதை அவரவரே துணிய வேண்டும். பலரும் பயன்படுத்தும் குடும்பக் கணினியில் நான் நீக்கமாட்டேன்.

பழைய விளையாட்டுகளை நேசிப்பவர்க்கு ஒரு சொல். விண்டோஸ் 11 முழுவதும் 64 பிட் தளம். 16 பிட் காலத்து நிரல்கள் அதில் நேரடியாக ஓடா. குறுந்தகட்டில் விற்ற பழைய விளையாட்டுகள் பலவற்றில் சேஃப்டிஸ்க் என்னும் பூட்டு இருந்தது. அப்பூட்டைத் திறக்கும் பகுதியை விண்டோஸ் 10 முதலே நீக்கிவிட்டனர்.

அடுத்து வருவதுதான் பெரிய தடை. விண்டோஸ் 11 எல்லாக் கணினிகளையும் ஏற்பதில்லை. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பு வேண்டும். தொடக்கத்தின்போதே போலி நிரல்களை விலக்கும் செக்யூர் பூட் வசதி வேண்டும். செயலியும் அவர்கள் வெளியிட்ட பட்டியலில் இருக்க வேண்டும். பொதுவாகக் கூறின், இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பின்னவையும், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையும் அதற்குப் பின்னவையும் இடம் பெற்றன. எங்கள் கணினியிலோ ஏழாம் தலைமுறை ஐ5 செயலி. ஒரே ஒரு தலைமுறையில் வாயில் சாத்தப்பட்டுவிட்டது.

"அதனால் என்ன மாமா, சோதனையைத் தாண்டிப் பதித்துக் கொடுக்க ஒருவர் இருக்கிறார்" என்றான் மருமகன். அவ்வாறு செய்ய வழிகள் இருப்பது உண்மையே. ஆனால் தகுதியற்ற கணினிகளுக்குத் திருத்தங்கள் பெறும் உரிமையில்லை என்று நிறுவனம் எழுதி வைத்திருக்கிறது. பாதுகாப்புக்காக மாற்றுகிறோம் என்று தொடங்கி, பாதுகாப்பு நிச்சயமில்லாத இடத்தில் போய் நிற்பது என்ன நியாயம்?

விளையாட்டிலும் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. வாலரண்ட் என்னும் துப்பாக்கி விளையாட்டில், ஏமாற்றுவோரைப் பிடிக்கும் காவல் நிரல் ஒன்று உண்டு. 2021இல் அந்நிரல், விண்டோஸ் 11 உள்ள கணினிகளில் டி.பி.எம். 2.0ஐயும் செக்யூர் பூட்டையும் கட்டாயமாக்கியது. பத்து உள்ளவர்களிடம் அப்போது அவ்வாறு கேட்கவில்லை. சோதனையைத் தாண்டிப் புதிய தளத்தைப் பதித்தவர்கள், முன்பு ஆடிக்கொண்டிருந்த விளையாட்டையே இழந்தனர். பழைய தளத்தில் இருந்தவர்கள் தொடர்ந்து ஆடினர். ஆழம் அறியாமல் காலை விட்டதன் பயன் இதுவே. பின்னாளில் இக்கட்டுப்பாடு பிற விளையாட்டுகளுக்கும் பரவிற்று. 2025 அக்டோபர் 10இல் வெளிவந்த பேட்டில்ஃபீல்ட் 6, செக்யூர் பூட் இல்லாத கணினியில் ஓடாது.

மருமகனின் மனம் நாடியது அவ்விளையாட்டையே. இருவரும் அதன் தேவைப் பட்டியலை விரித்து வைத்து வரி வரியாகப் படித்தோம். குறைந்த அளவுத் தேவையாக 16 ஜிபி நினைவகமும், ஆர்டிஎக்ஸ் 2060 கிராபிக்ஸ் அட்டையும் குறித்திருந்தார்கள். எங்களிடம் இருப்பது 8 ஜிபியும், 2016ஆம் ஆண்டு வரிசையைச் சேர்ந்த ஜிடிஎக்ஸ் 1060 அட்டையும். இயங்குதள வரியில் குறிக்கப்பட்டிருந்ததோ விண்டோஸ் 10! அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, "அப்படியானால் தளத்தை மாற்றினாலும் ஓடாதா மாமா?" என்றான். "ஓடாது தம்பி. பற்றாக்குறை தளத்தில் இல்லை, அட்டையிலும் நினைவகத்திலும் இருக்கிறது" என்றேன். அந்த அட்டை வரிசைக்கு, புதிய விளையாட்டுகளுக்கேற்ற டிரைவர்களை என்விடியா நிறுவனம் 2025 அக்டோபரோடு நிறுத்தி, அதன் பின் 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தருவதாக அறிவித்திருந்ததையும் அவனுக்குக் காட்டினேன்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. லினக்ஸ் என்னும் கட்டணமில்லா இயங்குதளத்தில் விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்டும் புரோட்டான் என்னும் நிரலை, ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. டைரக்ட் எக்ஸ் மொழியில் வரும் ஆணைகளை வல்கன் என்னும் வேறொரு மொழிக்கு உடனுக்குடன் பெயர்த்துக் கொடுப்பதே அதன் வேலை. மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு இச்செய்தி பெருமகிழ்ச்சி தந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கருவி இதனை நம்பியே விற்பனைக்கு வந்தது. எனினும் வரம்பு உண்டு. இயங்குதளத்தின் உட்கருவில் அமர்ந்து காவல் புரியும் நிரல்களை உடைய வாலரண்ட் போன்ற விளையாட்டுகள் இவ்வழியில் ஓடுவதில்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்னும் விளையாட்டு, முன்னர் அனுமதித்திருந்தும், 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸ் பயனர்க்குக் கதவடைத்தது. தனித்து ஆடுபவர்க்கு நல்ல வழி. குழுவாகப் போட்டியிடுபவர் தம் விளையாட்டு ஓடுமா என்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மாற்றுவதென்றே துணிபவர்க்குச் செய்முறையைச் சுருங்கச் சொல்கிறேன். உண்மையாக ஆடும் விளையாட்டுகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் தேவைப் பட்டியலையும் தம் கணினியோடு ஒப்பிட்டுப் பார்த்தல் முதற்படி. பிறகு, கணினி புதிய தளத்துக்கு ஏற்றதா என்று கூறும் பிசி ஹெல்த் செக் என்னும் மைக்ரோசாஃப்டின் நிரலை ஓட்டுக. டி.பி.எம். இல்லை என்று வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். பல கணினிகளில் அவ்வுறுப்பு இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். மதர்போர்டின் அமைப்புத் திரையில் அதனை உயிர்ப்பிக்கலாம். ஆனால் வட்டு எம்பிஆர் என்னும் பழைய முறையில் பகுக்கப்பட்டிருந்தால், அதனை முதலில் ஜிபிடி முறைக்கு மாற்றிய பின்னரே தொடக்க முறையை மாற்ற வேண்டும். வரிசை தவறினால் கணினி எழாது. வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருப்பின், மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது இன்றியமையாதது.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, வேண்டிய கோப்புகளை இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்தல் வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது. அவற்றை வேறொரு கணினியில் திறந்து பார்த்தாலன்றி அது படியாகாது. விளையாட்டுகளை மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். நாம் ஆடிச் சேர்த்த நிலைகள் சிலவேளை வட்டில் மட்டுமே இருக்கும். அவற்றையும் மறவாதீர்கள். மாற்றிய பின் பழைய தளத்துக்குத் திரும்ப விண்டோஸ் பத்து நாள் அவகாசம் தருகிறது. அப்பத்து நாட்களுக்குள் நம் விளையாட்டுகள் அனைத்தையும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் இப்பணியைத் தொடங்குதல் கூடாது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கணினி ஏற்றதாக இருப்பின், இன்று மாற்றிக்கொள்வதே முறை. அதற்குக் காரணம் வேகமன்று, பாதுகாப்பே. ஏற்றதல்லாத கணினியாயின், அதனை வற்புறுத்தி மாற்றுவதால் விளையாட்டும் சிறக்காது, பாதுகாப்பும் உறுதிப்படாது.

எங்கள் வீட்டில் நாங்கள் எடுத்த முடிவு இதுதான். ஓராண்டுத் தவணைக்குப் பதிவு செய்தோம். என் சொற்கோவையை இரண்டு வட்டுகளில் படியெடுத்தோம். அவற்றைத் திறந்தும் பார்த்தோம். புதிய கணினிக்கென அஞ்சலகத்தில் மாதந்தோறும் செலுத்தும் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கினேன். அவனும் தன் கைச்செலவிலிருந்து ஒரு பங்கு போடுவதாகக் கூறினான். அதுவரை, அவன் வழக்கமாக ஆடும் மூன்று விளையாட்டுகளும் பழைய தளத்திலேயே குறைவின்றி ஓடுகின்றன. புதிய போர் விளையாட்டை ஆட, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நண்பன் வீட்டுக்குப் போகிறான். "எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஆடுவதும் நன்றாகத்தான் இருக்கிறது மாமா" என்று அவன் சொன்ன பிறகே என் மனத்தில் இருந்த சிறு உறுத்தலும் நீங்கிற்று.